கயிறு போகாத இடம்

கறக்... கறக்... கறக்.

இருட்டி நேரமாகியிருந்தது. எலி எதையோ கடிப்பதுபோல ஒரு சத்தம்.

அமலி என்ற அமலோற்பவம் பாயிலிருந்து எழுந்து தலைக்கு மேலே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தாள். சத்தம் இப்போது உள்ளங்கையிலும் கேட்டது. கறக் என்னும்போதெல்லாம் கயிறு அதிர்ந்தது.

பிறகு தொய்ந்தது. பிறகு அதன் மறுமுனை தரையில் விழுந்தது.

"யாரது?"

"நான்தான் அக்கா."

ரெஜினா டீச்சர்.

"என்ன செய்யிறீங்க டீச்சர்?"

"அறுக்கிறேன்."



செலின் வயிற்றில் இருக்கும்போது மங்கத் தொடங்கியது அமலியின் கண். பிள்ளை பிறந்து முகம் பார்க்கும் பருவம் வந்தபோது அம்மாவுக்கு முழுக்க இருட்டிவிட்டது. புருஷன் சவரிராயன் கடலுக்குப் போகுமுன் படகுக் கயிற்றில் மிச்சத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள் கட்டிக்கொடுத்தான். பாய்க்கு மேலே சன்னல் கம்பியில் தொடக்கம். ஒரு முடிச்சு வந்தால் அடுப்படி. இரண்டு முடிச்சு வந்தால் கக்கூஸ்.

"நான் கடல்ல கெடந்தாலும் என் கை உன் கையில இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதைத்தான் டீச்சர் அறுத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்றாலும் அமலியைவிட வயதில் சின்னவள். பிறவியிலேயே பார்வையில்லாதவள். கன்னியர் மடம் நடத்தும் பள்ளியிலிருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறி வருவாள். தடி பிடிக்கவும், பாலைப் பொங்கவிடாமல் இறக்கவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். இன்று கடைசி பஸ் போய்விட்டதால் தங்கிவிட்டாள்.

சாயங்காலம் அமலி அவளிடம் கேட்டிருந்தாள்.

"காலையில மதினி செலினக் கொண்டு போயிருவாங்க டீச்சர். கண்ணு தெரியாதவகிட்ட பிள்ளைய விட மனசு வரலையாம். நான் என்ன செய்யட்டும்?"

"இந்தக் கயிறு எங்கெல்லாம் போகுது?"

"அடுப்படிக்கு. கக்கூசுக்கு."

"வாசலுக்கு?"

"வாசல்ல எனக்கு என்ன சோலி?"

டீச்சர் இன்னும் இரண்டு இடியாப்பம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கறக்... கறக்.

முற்றத்துக் கட்டிலில் காற்றுக்காகப் படுத்திருந்த லூர்து மதினி, சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சவரிராயனின் அக்கா. மீன் ஏலத்தில் பழகிய குரல்.

"நல்ல டீச்சர் வந்தா பாரு! இருக்கிற ஒண்ணையும் அறுத்துப் போட்டா இவ எதப் பிடிச்சு நடப்பா? ஏட்டி அமலி, பார்த்துக்கிட்டா நிக்கே?"

"எங்க மதினி பார்க்கிறது" என்றாள் அமலி.

டீச்சர் சிரித்துவிட்டாள். கத்தி மட்டும் நிற்கவில்லை.

கக்கூஸ் பக்கத்துக் கயிற்றின் கடைசி இழையும் அறுந்தது.

அமலி குனிந்து பாயைத் தடவினாள். சூடு இருந்தது. ஈரம் இருந்தது. பிள்ளை இல்லை.

"செலின்?"

சத்தமில்லை.

"மதினி, பிள்ள எங்க?"

லூர்து திரும்பிப் பார்த்தாள். "ஐயோ மாதாவே" என்று ஓர் எட்டு வைத்தாள்.

"நில்லுங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அமலிக்கே சந்தேகமாக இருந்தது.

"எங்கன்னு சொல்லவேண்டாம். நான் எடுக்கேன்."

"நீயா?"

"நாளைக்கு நீங்க போனப்புறம் யாரு எடுப்பா?"

"நாளைக்குப் பிள்ளையே இங்க இருக்கப்போறதில்லயே!"

அமலியின் கை தானாகத் தலைக்கு மேலே போய்க் கயிற்றைத் தேடியது. வெறும் காற்று. அவ்வளவு பெரிய வீடாக அது அதுவரை இருந்ததில்லை. திரும்பினால் எந்தச் சுவர், எந்தப் பக்கம் அடுப்பு, ஒன்றும் தெரியவில்லை.

"டீச்சர்..."

கத்தி மடங்கும் சத்தம் வந்தது.

அமலி முட்டி போட்டாள். பிள்ளை எப்படிப் போகுமோ அப்படியே தவழத் தொடங்கினாள். தரையில் ஈரம் ஒரு கோடாகப் போயிருந்தது. பிள்ளையின் மூத்திரம். அது போன வழியே கையை வைத்து வைத்துப் போனாள். நெற்றியில் குடம் இடித்தது. தண்ணீர் கொட்டி, கோடு அழிந்தது.

நின்றாள்.

முகத்தில் உப்புக்காற்று பட்டது.

தரையோடு எப்படிக் காற்று வரும்? கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் படி.

அதற்குப் பிறகு அவள் தவழவில்லை. பாய்ந்தாள். நீட்டிய கையில் சின்னக் குதிகால் ஒன்று அகப்பட்டது. வாசற்படிக்கு மேலே, பாதி வெளியே. இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் செலின் வீறிட்டாள்.

லூர்து பக்கத்தில் வந்து நின்றாள்.

"பார்த்தியா? ஒரு கை தவறியிருந்தா பிள்ள மண்டை பொளந்திருக்கும். இதுக்குத்தான் கொண்டு போறேங்கேன்."

"கதவத் திறந்து போட்டது யாரு மதினி?"



லூர்துவின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. முற்றத்துக் கட்டில் முனகியது.

"விடியுமுன்ன பிள்ளையக் குளிப்பாட்டி வையி" என்று அங்கிருந்து குரல் வந்தது. "முதல் பஸ்."

அமலி எழுந்தாள். பிள்ளை இடுப்பில். கதவைத் தேடிப் பிடித்துச் சாத்தினாள்.

கண் போன நாளிலிருந்து இந்தக் கதவை அவள் தொட்டதில்லை. யாராவது சாத்துவார்கள், யாராவது திறப்பார்கள்.

"டீச்சர், தாழ்ப்பாள் மேல இருக்கா, கீழ இருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் ரெஜினா. "என் வீடா இது?"

அமலி பலகை முழுக்கத் தடவினாள். விரலில் சிராய் ஏறியது. தலைக்கு மேலே, எட்டிப் பிடிக்கும் உயரத்தில், இரும்பு தட்டுப்பட்டது. உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது.

பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அசையவில்லை. இன்னொரு முறை அடித்தாள்.

தாழ் கொண்டியில் விழுந்தது.