குனிங்க முதலாளி

மறு வாக்கு எண்ணிக்கை இன்னும் முடியவில்லை. வேட்பாளர் பரமார்த்தலிங்கமோ அம்மன் கோயில் வாசலில் டிவிக்காரர்களைக் கூட்டி, “நான் ஜெயிச்சாச்சு” என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கட்சி ஆட்களும் தெருவில் கம்போடு நின்றார்கள். அந்தச் சேதி டிவியில் ஓடினால் மண்டை உடையும்.

கோயிலில் பக்தர்களுக்கு மொட்டை போட்டுவிடும் கொம்பையாவை அவர் மைக் முன்னால் இழுத்தார். “நீ பொதுஜனம். ஜெயிச்சது யாருன்னு சொல்லுடா.” கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். மறுத்தால் கொம்பையாவின் பிழைப்பு போய்விடும்.

“நீங்கதான் முதலாளி,” என்ற கொம்பையா, செம்புத் தண்ணீரையும் கத்தியையும் கையில் எடுத்தார். “ஜெயிச்சா மொட்டை போடுறதா மேடையிலயே ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டீங்களே. குனிங்க, தலையை நனைச்சிருவோம்.”

பரமார்த்தலிங்கம் புதுச்சாயம் பூசிய முடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். “இருடா, எண்ணி முடிக்கட்டும். தோத்தாலும் தோத்துருவோம்.”

எல்லா டிவியிலும் அதுதான் ஓடியது. தெருவில் கம்புகள் தாழ்ந்தன.

“காலையிலிருந்து நாங்க இத்தனை பேர் கேட்டும் வராத உண்மை, ஒரு செம்புத் தண்ணிக்கு வந்துருச்சேய்யா,” என்று நிருபர் ஒருவர் கொம்பையாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தண்ணி அப்படியே இருக்கட்டும் சார்,” என்றார் கொம்பையா. “எண்ணி முடிக்கிற வரைக்கும்.”