செவிக்குழலுக்குச் சந்தனக் காப்பு

ஏழூர் நாட்டை ஆண்ட செண்பகப் பூபதிக்கு இளவயதில் பீரங்கி என்றால் உயிர். அது வெடிக்கும்போது பக்கத்திலேயே நிற்பார். "காதில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், அரசே" என்று வைத்தியர் கெஞ்சியபோது, "பஞ்சு தலையணைக்கு" என்று சிரித்துவிட்டார். ஐம்பது வயதில் காது மந்தமாகிப்போனது.

கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் வெள்ளியில் ஒரு செவிக்குழல் கொடுத்தார். குறுகிய முனை காதில், அகன்ற முனை பேசுகிறவர் பக்கம். வைத்த மாத்திரத்தில் அந்தப்புரத்துக் கிளி பேசுவதுகூட அரசருக்குக் கேட்டது. கண் கலங்கிவிட்டார். "இது குழல் இல்லை, தெய்வம்" என்றார். அன்று முதல் குழலுக்குத் தினமும் எண்ணெய்க் காப்பு, பன்னீர் அபிஷேகம், சந்தனம், பூ.

ஆறே மாதத்தில் சபையில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று அரசருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஒருநாள் மந்திரி அறவாழி பதறிக்கொண்டு வந்தார். "அரசே, வடக்கே ஏரி உடைந்துவிட்டது."

"ஏணிதானே? ஒரு தச்சனை அனுப்பு."

முழங்கால் தண்ணீரில் நின்ற ஊர்க்காரர்கள் முன்னால் உளியோடு ஒரு தச்சர் போய் இறங்கினார். மறுநாள் மந்திரி தொண்டை கிழியக் கத்தினார். அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "நேற்று முணுமுணுப்பு, இன்று அதட்டலா?" என்று மந்திரியைச் சிறைக்கு அனுப்பினார்.

பிறகு, தம் ஆலோசகர் நல்லகுற்றாலத்தைக் கூப்பிட்டார். "என் காதுக்குச் சொல் எட்டாமல் யாரோ தடுக்கிறார்கள். தடுப்பது யாராக இருந்தாலும் பிடித்துச் சிறையில் அடை. மாலைக்குள் பிடிக்காவிட்டால் நீயும் உள்ளே."

தெய்வத்தைக் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? நல்லகுற்றாலம் வணங்கினார். இரண்டு காவலரைக் கூட்டிக்கொண்டு நேராக அரியணைக்குப் போய், அரசர் காதிலிருந்த குழலை மெல்ல உருவினார்.

குழலைத் தாம்பாளத்தில் சாய்த்து ஈர்க்குச்சியால் நோண்டினார். காய்ந்த சந்தனம் கட்டியாக விழுந்தது. பின்னால் மூன்று மல்லிகை மொட்டு. அதற்கும் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய எறும்புகள். எல்லாவற்றையும் ஒரு செப்புக்குள் போட்டு மூடிக் காவலரிடம் தந்தார். குழலை உலர்ந்த துணியால் துடைத்து அரசர் காதில் வைத்தார்.

"உத்தரவுப்படி பிடித்துவிட்டேன், அரசே" என்றார், சாதாரணக் குரலில். "சந்தனம்தான் தலைவன். மல்லிகை உடந்தை. எறும்புகள் பிறகு வந்து சேர்ந்தவை. மூவரையும் சிறைக்கு அனுப்பலாமா?"

ஒரு சொல் விடாமல் கேட்டது. அரசர் செப்பைப் பார்த்தார், குழலைப் பார்த்தார்.

"இவர்களை உள்ளே விட்டது யார்?"

"தடுத்தவரைப் பிடிக்கத்தான் எனக்கு உத்தரவு. உள்ளே விட்டவரையும் பிடிக்க வேண்டுமானால், தாங்கள் நன்றாக யோசித்துப் புதிதாக ஓர் உத்தரவு போட வேண்டும்."

அரசர் முகம் சிவந்தது. பிறகு தோள் குலுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அறவாழி அப்போதே விடுதலையானார். அரசர் தாமே நூறு ஆட்களோடு போய் ஏரிக்கரையை அடைத்து, ஊர்க்காரர்களிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். பீரங்கிக்காரர்கள் காதில் பஞ்சில்லாமல் திரி கொளுத்தக் கூடாது என்று கட்டளை பிறந்தது. குழலுக்கு அபிஷேகம் நின்று, தினம் ஒரு துடைப்பு மட்டும் என்றானது. நல்லகுற்றாலத்துக்கு முத்துமாலை கிடைத்தது.

அரசருக்குக் காது தெளிந்த மகிழ்ச்சியில், ஆஸ்தானக் கவிராயர் புதிதாக நூறு பாட்டு இயற்றிக்கொண்டு வந்து சபையில் பாட ஆரம்பித்தார். ஒன்பதாவது பாட்டில் அரசர் குழலைக் கழற்றி, பட்டுத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

நல்லகுற்றாலம் பதறி, "பழுதா?" என்று சைகையில் கேட்டார்.

"இல்லையப்பா" என்றார் அரசர். "மிக நன்றாக வேலை செய்கிறது."