காதுக்குள் கேட்ட முரசு

மலையடிவாரத்து மடத்தில் இளம்பரிதி என்றொரு சீடன் இருந்தான். வயது முப்பத்திரண்டு. கணினி வேலையை விட்டுவிட்டு வந்தவன். ஒரு நாள் உச்சிப்பொழுதில், மரங்களில் ஓர் இலைகூட அசையாத நேரத்தில், அவன் தன் குருவின் முன்னால் போய் நின்றான்.

குருவின் பெயர் சங்கரவடிவு. எல்லோரும் அம்மை என்பார்கள். அப்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எனக்குக் கேட்டுடுச்சும்மா" என்றான் பரிதி.

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்நாதம். முரசு மாதிரி. ரெண்டு காதுக்குள்ளயும் அடிக்குது. இப்பவும் அடிக்குது."

நெடுங்காலம் தியானம் செய்கிறவருக்கு உள்ளே ஓர் ஓசை கேட்கும் என்று அந்த மடத்தில் நம்பினார்கள். அது கேட்டவர் நிலவறைக்குள் ஒரு மண்டலம் தனியாக உட்காரலாம். வெளியே வரும்போது அவரும் ஒரு குரு. பரிதி கேட்டு வந்தது அந்த நிலவறையைத்தான்.

அம்மை ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. வேறு என்னவெல்லாம் நடக்கிறது என்று கேட்டார்.

பரிதி எதிரில் உட்கார்ந்து மகிழ்ச்சியோடு சொன்னான். தூக்கத்தை வென்றுவிட்டானாம். விடிவதற்கு முன் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதுமாம். பசியையும் வென்றாகிவிட்டது. பகலில் ஒன்றும் உண்பதில்லை. பொழுது சாய்ந்தபின் ஊறுகாயும் அப்பளமும் தொட்டுக்கொண்டு ஒரே வேளைச் சோறு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதே அபூர்வம். மலைப் படியில் ஏறினால் மார்பின் நடுவில் ஒரு பாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது இதயத் தாமரை மலர்வதற்கு முன் வருகிற இறுக்கம். இடது கை சில நேரம் இருப்பதே தெரிவதில்லை. உடம்பு கரையத் தொடங்கியிருக்கிறது.

"வலது கை?" என்று கேட்டார் அம்மை.

"அது இன்னும் கரையலம்மா."

மடத்தின் சமையல்காரர் ஆவுடையப்பன் கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தார். அவர் சிரிக்காமல் சொன்னார்: "மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால உக்காந்து விடிய விடிய பீடி இழுத்தா, தூக்கம் எப்படிவே வரும்?"

"புகை மூச்சை ஒடுக்குது அண்ணாச்சி. ஒடுங்கினாத்தான் நாதம் கேக்கும்."

"ஒடுக்கும் ஒடுக்கும். மொத்தமா ஒடுக்கிப்புடும்."

அம்மை கையமர்த்தினார். பிறகு பரிதியிடம், அவன் வீட்டில் வேறு யாருக்காவது இந்த ஓசை கேட்டதுண்டா என்றார்.

பரிதியின் முகம் மலர்ந்தது. அவன் அப்பாவுக்குக் கேட்டது. காதுக்குள் யாரோ மத்தளம் தட்டுகிறார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். நாற்பது வயது நிரம்பவில்லை. ஒரு நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கையில் காப்பி டம்ளர் இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சித்தப்பாவும் அப்படித்தான், இன்னும் சின்ன வயதில். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் தோளைத் தொட்டு எழுப்பியபோதுதான் தெரிந்தது. கண் திறந்திருந்ததால், வழியெல்லாம் பக்கத்தில் இருந்தவர் அவரிடம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்.

"எங்க வம்சத்துல எல்லாரும் உக்காந்த நிலையிலதாம்மா போறாங்க. யோகிகள் வம்சம்."

அம்மையின் விரல்கள் கீரைத் தண்டைப் பிடித்தபடி நின்றன. ஆவுடையப்பன் கரண்டியைத் தரையில் வைத்துவிட்டார். பரிதி மட்டும் எதையோ கேட்கிறவன்போலத் தலையை ஒருபுறம் சாய்த்திருந்தான்.

முதலில் ஊருக்குள் போய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வா, நிலவறை எங்கேயும் ஓடிவிடாது என்றார் அம்மை.

"முப்பத்திரண்டு வயசுல யாருக்கும்மா நெஞ்சு வலிக்கும்? அதெல்லாம் வயசானவங்களுக்கு."

அம்மை மறுபடியும் சொன்னார். பரிதிக்கு முகம் கறுத்தது. சீடனுக்குச் சித்தி கைகூடினால் குருவுக்குப் பொறுக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றான். மலைக்கு அந்தப் பக்கத்து மடத்தில் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றான். இன்றைக்கே நிலவறை திறக்காவிட்டால், இந்த வெயிலிலேயே மலையேறி அந்தப் பக்கம் இறங்கிவிடுவேன் என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்தது.

அம்மை மலையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"வா. நிலவறைக்குப் போவோம். நானும் கூட உக்காருறேன்."

கூடத்தின் மூலையில் சில படிகள் கீழே இறங்கின. அம்மை ஒவ்வொரு படியிலும் நின்று, அவன் மூச்சு வாங்கி முடித்தபின் அடுத்த படிக்குப் போனார். கீழே ஒரு பலாமரக் கதவு. கதவுக்கு அப்பால் ஜன்னல் இல்லாத கல்லறை போன்ற ஒரு சிறிய அறை. கதவைச் சாத்தினால் சொந்தக் கை தெரியாது. வெளியே எப்போதும் ஒருவர் காவல் இருக்க வேண்டும். உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டால், அவர் அந்த நொடியே திறந்துவிட வேண்டும். தட்டாவிட்டால் திறக்கக் கூடாது. ஆவுடையப்பன் காவலுக்கு உட்கார்ந்தார்.

கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ் விழுந்தது.

இருட்டில் அம்மையின் குரல் கதவோரமாகக் கேட்டது.

"என் பக்கத்துல உக்காரு. கையைக் கொடு. முரசு அடிக்குதா?"

"அடிக்குதும்மா."

"கேளு."

பரிதி கேட்டான். காதுக்குள் முரசு அடித்தது. கொஞ்ச நேரத்தில், அதே முரசு காதுக்கு வெளியேயும் அடிக்கத் தொடங்கியது. உள்ளே ஓர் அடி, வெளியே ஓர் அடி. உள்ளே விரைந்தால் வெளியேயும் விரைந்தது. உள்ளே தடுமாறினால் வெளியேயும் தடுமாறியது. அவனுக்கு உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. நாதம் தன்னை விட்டு வெளியே வந்துவிட்டது. இனி எல்லோருக்கும் கேட்கும்.

பிறகு அது நின்றது.

காதுக்குள்ளும் நின்றது. இருட்டிலும் நின்றது. எதுவும் இல்லை. அந்த இல்லாமையில், யாரோ மிக அருகில் வந்து அவன் முகத்தைக் குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. பரிதி அம்மா என்று கூப்பிட நினைத்தான். வாய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

கனமாக ஓர் அடி விழுந்தது. பின்னாலேயே இரண்டு, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. மறுபடியும் ஒன்றுமில்லை.

தாழ் உடைபடுவதுபோல் சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஆவுடையப்பன் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஏன் திறந்தீங்க அண்ணாச்சி? யாரும் தட்டலையே" என்றான் பரிதி. அவன் குரல் அவனுக்கே தூரத்தில் கேட்டது. "அது நாதம்."

"நாதமாவது. கதவை உடைக்கிற மாதிரி தட்டுச்சுவே. தாழு இறுகிப்போய் வரமாட்டேன்னுட்டு. அதுக்குள்ள நின்னுட்டு. தட்டுறது நின்னதும், உள்ள ஆளு போயிட்டுன்னே நினைச்சேன்."

பரிதி அப்போதுதான் பார்த்தான். அம்மையின் வலது கை மடங்கி, விரல் முட்டிகள் கதவின் மேல் இருந்தன. இடது கை அவன் மணிக்கட்டில் இருந்தது.

"என் இஷ்டத்துக்கு நான் ஒரு அடிகூடத் தட்டல" என்றார் அம்மை. "இவன் கையில ஓடினதை அப்படியே கதவுல போட்டேன்."

பரிதி எழப் பார்த்தான். அம்மை அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். நடக்கவே கூடாது, ஒரு படிகூட ஏறக் கூடாது என்றார். ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லியும், நாற்காலியோடு தூக்கிப்போக ஆட்களை அழைத்துவரச் சொல்லியும் ஆவுடையப்பனை அனுப்பினார். ஆவுடையப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினார். மேலே அவர் கத்தி ஆளைக் கூப்பிடுவது கேட்டது.

பரிதி சுவரில் சாய்ந்தான். அம்மை அவன் மணிக்கட்டை விடவில்லை.

அவன் மெல்லக் கேட்டான்.

"அம்மா... எங்கப்பா கேட்டதும் இதானா?"

"அவருக்கும் இப்படித்தான் தட்டியிருக்கும் பரிதி. வெளிய ஆள் இல்ல."