நீல மூடியில் வந்த விருந்தாளி

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அதன் பின்பக்கத்துக் கடற்கரை ஒன்றில் ஊதாக்கை என்ற சங்கு நண்டு தன் தங்கை சிறுமணியோடு வாழ்ந்துவந்தது.

அது சத்தமில்லாத கரை. கடலுக்குள்ளே பவளப்பாறை வில்லாக வளைந்து நின்று, பெரிய அலைகளை எல்லாம் வெளியிலேயே நிறுத்திவிடும். உள்ளே தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றியதுபோல் அசையாமல் நிற்கும். கரையோரம் கடல்திராட்சை மரங்கள் நிழல் விரித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தீவுக்காரர்கள் பானை சட்டியோடு வருவார்கள். மீன் வறுப்பார்கள், குளிப்பார்கள், மீன் தலைகளை நண்டுகளுக்கு விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நண்டைக்கூட மிதிக்க மாட்டார்கள்.

சங்கு நண்டை முன்பக்கம் பார்த்தால் பெரிய வீரன் மாதிரி இருக்கும். பின்பக்கமோ வெறும் சதை! சொந்தமாக ஓடு கிடையாது. செத்த நத்தை விட்டுப்போன சங்குக்குள் புகுந்துதான் உயிர் வாழ வேண்டும். உடம்பு வளர்ந்தால் சங்கு பத்தாது. வேறு பெரிய சங்கு தேட வேண்டும். ஆயுள் முழுக்க வீடு மாற்றுகிற பிழைப்பு!

அந்தக் கரையில் நண்டுகளுக்கு இருந்த ஒரே எதிரி கீரி. எந்தக் காலத்திலோ கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்கக் கப்பலில் கொண்டுவந்து விட்ட கீரிகளின் பரம்பரை அது. எலியைப் பிடித்ததோ இல்லையோ, நண்டை விட்டுவைக்கவில்லை. கீரி வந்தால் நண்டுகள் சங்குக்குள் ஒடுங்கி, பெரிய கொடுக்கை வாசலில் கதவுபோல் வைத்துச் சாத்திக்கொள்ளும். கீரி உருட்டிப் பார்க்கும், முகர்ந்து பார்க்கும், கடைசியில் அலுத்துப்போய்விடும்.

ஊதாக்கை தங்கைக்கு இதை ஒரு விளையாட்டாகவே பழக்கியிருந்தது.

"நான் டொக் டொக்னு தட்டுவேன். நீ கதவைச் சாத்திக்கணும். மூச்சுக்கூட விடக் கூடாது!"

"சரிக்கா!"

டொக் டொக்! உள்ளே சத்தமே இருக்காது. வெகுநேரம் கழித்துத்தான் உள்ளேயிருந்து குரல் வரும். "ஜெயிச்சேனாக்கா?"

"ஜெயிச்சுட்டடி என் தங்கமே!" என்று ஊதாக்கை பூரித்துப்போகும். தாயில்லாத தங்கை. அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் கடல் ஒரு பெரிய சங்கைக் கரையில் தள்ளிவிட்டுப் போனது. உடனே நண்டுகள் ஓடிவந்து கூடின. அவற்றிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சங்கு வந்தால் எல்லாம் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக நிற்கும். முதல் நண்டு புதுச் சங்கில் புகுந்ததும், அது விட்ட சங்கில் இரண்டாவது புகும். இரண்டாவது விட்டதில் மூன்றாவது. இப்படிக் கடைசி வரை! ஒரு சங்கு வந்தால் அத்தனை பேருக்கும் புதுவீடு.

அன்றைக்குப் பன்னிரண்டு நண்டுகள் நின்றன. முதலில் நாட்டாமை பெருங்கால். பதினோராவது ஊதாக்கை. கடைசியில் சிறுமணி. சிறுமணிக்குத் தன் வெள்ளைச் சங்கு பத்தாமல் கால்கள் வெளியே தொங்கின. அதற்குக் கிடைக்கப்போவது அக்காவின் சங்கு. ரோஜா நிறத்தில் கோடு போட்ட சங்கு. ஊதாக்கை தினமும் மணலில் தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்திருந்த சங்கு!

அந்த நேரம் பார்த்து ஒரு புது நண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தது. சிறுமணியைவிடச் சின்ன நண்டு. அதன் முதுகில் சங்கு இல்லை. பெரிய பாட்டில் ஒன்றின் நீல மூடி இருந்தது. மூடி தொளதொளவென்று ஆடியது.

"மன்னிக்கணும். நான் தீவுக்கு அந்தப் பக்கத்துக் கரைங்க. மூணு நாளா நடந்து வரேன். நானும் வரிசையில நிக்கலாமா? கடைசியிலயே நின்னுக்கறேன்" என்றது அது.

"நில்லு! வரிசையில நிக்கறவன் பின்னால வர்றவனுக்கு ஒரு சங்கு விட்டுக்குடுக்கணும். உங்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டது பெருங்கால்.

"இந்த மூடிதாங்க."

பன்னிரண்டில் பதினொன்று சிரித்தன. "மூடிக்காரன்! மூடிக்காரன்!" என்று கொடுக்கைத் தட்டின.

கடைசியில் நிற்பவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? அவன் யாருக்கு எதை விட்டுக்கொடுக்க வேண்டும்? இதை யோசிக்க அந்தப் பதினொன்றுக்கும் நேரமில்லை. "ம்!" என்று பெருங்கால் குரல் கொடுத்தது. கண் மூடித் திறப்பதற்குள் பன்னிரண்டும் வீடு மாறிவிட்டன. சிறுமணியின் பழைய வெள்ளைச் சங்கு மட்டும் மணலில் காலியாகக் கிடந்தது.

மூடிக்காரன் அதையே பார்த்தது.

"அக்கா, என் பழைய சங்கு சும்மாத்தானே கெடக்கு? அவருக்குக் குடுத்துடலாமே!" என்றது சிறுமணி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. எடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குவாங்க! இன்னிக்கு ஒருத்தன், நாளைக்கு ஒரு படையே மூடியோட வந்து நிக்கும்!" ஊதாக்கை வெள்ளைச் சங்கைத் தன்பக்கம் இழுத்து அதன்மேல் காலைப் போட்டுக்கொண்டது.

தனக்கு வேண்டியதுமில்லை, பிறருக்குக் கொடுக்க மனமுமில்லை. அதற்குக் காவல் வேறு!

மூடிக்காரன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்கக்கா, சங்கு வேணாம். சொல்ல வந்த சேதியை மட்டும் கேட்டுக்கங்க. எங்க கரையும் இப்படி அமைதியாத்தான் இருந்துச்சு. மொதல்ல ஒரே ஒரு படகு வந்துச்சு..."

"ஆரம்பிச்சுட்டான்யா கதையை! எல்லாரும் சாத்துங்க கதவை!" என்று கத்தியது ஊதாக்கை.

டப்! டப்! டப்! பன்னிரண்டு வாசலும் மூடிக்கொண்டன.

மூடிக்காரன் ஒவ்வொரு சங்காகத் தட்டிக்கொண்டு ஓடியது. "கீரிக்குச் செய்யறதை மனுஷங்களுக்குச் செய்யாதீங்க! அவங்க கையில எடுத்தா உள்ள ஒடுங்காதீங்க! காலை வெளிய நீட்டி ஆட்டுங்க! உசுரு இருக்குன்னு தெரிஞ்சா விட்டுடுவாங்க! நான் அப்படித்தான் தப்பிச்சேன்! எங்க ஜனம் முழுக்க மூச்சைப் புடிச்சிக்கிட்டேதான் போய்ச் சேர்ந்துச்சு! கேக்குதாங்க? காலை வெளிய நீட்டுங்க!"

எல்லாம் கேட்டது. ஊதாக்கைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"பாத்தியாடி தந்திரத்தை? நாம காலை நீட்டினதும் இழுத்துப் போட்டுட்டு நம்ம சங்குல புகுந்துக்கலாம்னு பாக்குறான்" என்று பக்கத்துச் சங்கிலிருந்த தங்கையிடம் கிசுகிசுத்தது.

"நெசமா இருந்தா என்னக்கா பண்றது?"

"அவன் பேச்சை நம்பாதே. அக்கா சொன்னதை மட்டும் செய். சத்தம் கேட்டா உள்ள போ."

மூடிக்காரன் தட்டித் தட்டி ஓய்ந்துபோனது. கடல்திராட்சை மரத்து வேருக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது. பொழுது சாயும்போது கீரி வந்தது.

மூடிக்குக் கதவு ஏது? ஒரு சின்ன முனகல் கேட்டது. பிறகு கொடுக்கு நொறுங்கும் சத்தம். பிறகு நீல மூடி வேர்மேல் உருண்டு விழுந்த சத்தம்.

சிறுமணி அக்காவிடம் கேட்டது. "அந்த வெள்ளைச் சங்கு இருந்திருந்தா அவர் கதவைச் சாத்திக்கிட்டிருப்பார் இல்லக்கா?"

"தூங்கு" என்றது ஊதாக்கை.

மூன்றாம் நாள் பவளப்பாறையின் இடைவெளி வழியாக ஒரு படகு உள்ளே வந்தது. தீவுக்காரர்கள் இல்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட வெளியூர்க்காரர்கள். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. குப்பை போடவில்லை, கூச்சல் போடவில்லை.

"அடடா, எவ்வளவு அமைதி! இப்படி ஒரு இடம் இருக்கிறதே யாருக்கும் தெரியாது போல!" என்றாள் ஒரு பெண். "இங்க பாருங்க, என்ன அழகான சங்கு! ஞாபகத்துக்கு ரெண்டு எடுத்துக்கலாம்."

காலடிச் சத்தம் கேட்டதும் பன்னிரண்டு கதவும் டப்பென்று சாத்திக்கொண்டன.

அந்தப் பெண் முதலில் எடுத்தது ரோஜா நிறக் கோடு போட்ட சங்கை. அழகாக இருந்ததே! அடுத்துப் பெருங்காலை எடுத்தாள். பிறகு மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றாக வலைப்பைக்குள் போயின. ஒரு காலும் வெளியே நீளவில்லை.

ஒரு கிழவர் ஊதாக்கையைத் தூக்கினார். ஊதாக்கை உடம்பைச் சுருட்டிக்கொண்டு கதவை இன்னும் இறுக்கியது. தரை தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. கீரி இவ்வளவு உயரம் தூக்கியதில்லையே! அப்போதுதான் மூடிக்காரனின் குரல் காதில் ஒலித்தது. காலை வெளிய நீட்டுங்க!

வேறு வழி தெரியாமல் ஊதாக்கை கொடுக்கையும் கால்களையும் நீட்டி உதறியது.

"ஐயோ! இதுல உசுரு இருக்கு!" என்று கிழவர் கையை உதறினார். ஊதாக்கை பாறையில் விழுந்தது. சங்கு இரண்டாகப் பிளந்தது. உயிர் மட்டும் மிஞ்சியது.

மூடிக்காரன் சொன்னது உண்மை. அத்தனையும் உண்மை!

"பையில இருக்கறதையும் பாத்துடும்மா. உசுரோட இருந்தா பாவம், விட்டுடலாம்" என்றார் கிழவர்.

அந்தப் பெண் நல்லவள்தான். ரோஜா நிறச் சங்கை முதலில் எடுத்துக் காதருகே வைத்துக்கொண்டு விரலால் தட்டினாள். டொக் டொக்.

ஊதாக்கை வெற்றுடம்போடு மணலில் புரண்டு எழுந்து அலறியது. "சிறுமணி! வெளிய வா! காலை நீட்டு! ஆட்டுடி, ஆட்டு!"

சங்குக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. மனிதக் காதுக்குக் கேட்காத குரல். "பயப்படாதேக்கா! நான் மூச்சுக்கூட விடல!"

"இல்லடி! அக்கா சொன்னது தப்பு! வெளிய வா!"

அதற்குள் அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "இல்ல தாத்தா, இது காலி." சங்கு பைக்குள் விழுந்தது. மற்றவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். தட்டத் தட்ட நண்டுகள் இன்னும் உள்ளே ஒடுங்கின. "எல்லாமே காலிதான்" என்றாள்.

படகு போய்விட்டது. பவளப்பாறைக்கு உள்ளே தண்ணீர் மறுபடியும் அசையாமல் நின்றது. பன்னிரண்டு நண்டுகள் இருந்த கரையில், யார் கண்ணுக்கும் அழகாகப் படாத மூன்றும் ஊதாக்கையும்தான் மிச்சம்.

ஊதாக்கை அன்று அழுத அழுகை கொஞ்சமல்ல. ஆனால் வெற்றுடம்போடு எவ்வளவு நேரம் அழ முடியும்? கீரி வருகிற நேரமாயிற்று. வெள்ளைச் சங்கிடம் போனது. கொடுக்கின் நுனிகூட உள்ளே போகவில்லை. கடைசியில் கடல்திராட்சை மரத்தடிக்குப் போனது. வேரிடுக்கில் நீல மூடி கிடந்தது. அதற்குள் உடம்பைத் திணித்துக்கொண்டது. மூடி இறுகிப் பிடித்தது. அதோடு நொண்டி நொண்டி வெள்ளைச் சங்கிடம் திரும்பிவந்தது.

அதன் வாசலருகே உட்கார்ந்தது. பிறகு கொடுக்கால் மெதுவாகத் தட்டியது.

டொக் டொக்.

ஜெயிச்சேனாக்கா என்று கேட்க உள்ளே யாரும் இல்லை.

ஆகவே குழந்தைகளே, பெரியவர்களே, வெறுங்கையோடு வந்து நிற்பவன் நம் உயிரைக் காக்கும் சொல்லைக் கொண்டுவந்திருக்கலாம். அவனுக்கு எதுவும் கொடுக்க மனமில்லாவிட்டாலும், கதவைச் சாத்துமுன் அவன் சொல்வதையாவது கேட்டுவிட வேண்டும்.