கையுறை போன வழி

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தேவசகாயம் மறுபடியும் மாணவரானார். மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்காக வந்து சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த உமையாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். உப்பளங்கள் சூழ்ந்த துறைமுக ஊர் ஒன்றில், கல்லூரிக் கட்டடத்தின் கடைசியில் இருந்தது உமையாளின் ஆய்வுக்கூடம்.

உமையாள் அவரை 'சார்' என்று அழைத்தார். அவர் உமையாளை 'மேடம்' என்று அழைத்தார். இருவருக்கும் அதில் கூச்சம் இருக்கவில்லை.

ஒருநாள் உமையாள் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்றை அவர் முன்னால் வைத்தார்.

"பென்சைல் புரோமைடு. இனிமே உங்க வேலையெல்லாம் இதை வச்சுத்தான். பழக்கம் உண்டா சார்?"

"படிச்சிருக்கேன் மேடம். ஆவி பட்டாலே கண்ணீர் கொட்டும். தோலில் பட்டால் எரியும். ஈரம் ஆகாது."

"பயமா இருக்கா?"

"இல்லை."

"நல்லது" என்றார் உமையாள்.

தேவசகாயம் சொன்னது வெறும் பேச்சில்லை. அவர் வேலை செய்வதைப் பார்க்க மற்ற மாணவர்கள் வந்து நிற்பார்கள். பாதுகாப்புக் கண்ணாடி, மேலங்கி, நீலக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்ட பிறகுதான் புட்டியைத் தொடுவார். ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் மூடியைத் திறப்பார். அந்தக் கூண்டை அங்கே எல்லாரும் 'ஹூட்' என்பார்கள். வேண்டியதை ஊசிக்குழலில் எடுத்ததும் மூடியைத் திருகி, அதன்மேல் மெழுகுத்தாளை இழுத்துச் சுற்றுவார். புட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி, அதோடு வினைபுரியும் அமோனியாவும் அமீன்களும் இல்லாத குளிர்ந்த அலமாரியில் வைப்பார். கடல்காற்றில் இரும்பே உதிர்கிற ஊர் அது. அவர் அலமாரியில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது.

பிறகு கையுறையைக் கழற்றி வாசலோரத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தேநீர் குடிக்கப் போவார்.

அப்படித்தான் ஒரு புதன்கிழமையும் போனார். பாதித் தேநீரில் நடைகூடத்திலிருந்து சத்தம் கேட்டது.

துப்புரவு வேலை பார்க்கும் செல்லத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் குப்பைப் பை கிடந்தது. பையைக் கட்டுவதற்காக அதை மேலிருந்து அமுக்கியிருக்கிறாள். உள்ளே இருந்த காற்று முழுவதும் முகத்தில் அடித்துவிட்டது.

"மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு சார். கண்ணு தெரியல."

தேவசகாயம் அவளைத் தாங்கிப் பிடித்துக் கண் கழுவும் குழாய்க்குக் கொண்டுபோனார். ஒரு கையால் தலையைச் சாய்த்துப் பிடித்து, மறுகையால் இமைகளை விலக்கி, தண்ணீரை ஓடவிட்டார்.

"தேய்க்காதீங்கம்மா. திறந்தே வையுங்க. எரிஞ்சாலும் திறந்தே வையுங்க."

வெகுநேரம் தண்ணீர் ஓடியது. ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்த டாக்டர், பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, வீக்கம் வடிந்ததும் வேலைக்கு வரலாம் என்றார். செல்லத்தாயை வீட்டில் இறக்கிவிட்டு தேவசகாயம் நேராக உமையாளிடம் வந்தார்.

உமையாள் கோபப்படவில்லை. "உட்காருங்க சார்" என்றார். தேவசகாயம் உட்காரவில்லை.

"மேடம், முறைப்படி எல்லாம் செஞ்சேன். எடுத்தது சரி. மூடினது சரி. வச்சது சரி. எங்கே விட்டேன்?"

"கையுறை எங்கே போச்சு?"

"தொட்டிக்கு."

"தொட்டியிலிருந்து?"

"செல்லத்தாய் எடுத்துட்டுப் போவாங்க."

"எங்கே?"

"தெரியலை மேடம்" என்றார் தேவசகாயம்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார் உமையாள். "அப்புறம் பேசலாம்."

மறுநாள் காலை தேவசகாயம் குப்பையின் பின்னால் போனார். கட்டடத்தின் பின்புறம் பைகள் குவிந்து கிடந்தன. நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டது. தம் மொபெட்டில் வண்டியைத் தொடர்ந்தார். உப்பளத்துக்கு அப்பால், கழிமுகத்தை ஒட்டிய மேட்டில் வண்டி எல்லாவற்றையும் கொட்டியது. ஆடுகள் வந்து முகர்ந்தன. பழைய சாமான் வாங்கும் ஒருவர் குச்சியால் கிளறி, பிளாஸ்டிக்கைத் தனியாகவும் ரப்பரைத் தனியாகவும் பிரித்தார்.

"இந்தக் கையுறையெல்லாம் எங்கே போகும் அண்ணாச்சி?"

"எறால் கொட்டகைக்குப் போகும். அங்க உள்ள பொம்பளைங்க வாங்கிக்கிடுவாங்க."

கொட்டகை பக்கத்திலேயே இருந்தது. ஈரத் தரையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு பேர் கையில் நீலக் கையுறை. முதலில் இருந்த பெண்ணின் கையுறையில், மணிக்கட்டுப் பக்கம் மையால் எழுதிய எழுத்து பாதி அழிந்து தெரிந்தது. எந்தச் சோதனைக்கு எந்தக் கையுறை என்று தேவசகாயம் எழுதிவைப்பது வழக்கம். அது அவருடைய கையெழுத்து.

மெல்ல அவளருகே குந்தினார்.

"இதைப் போட்டா கை எரியலையாம்மா?"

"முள்ளு குத்தாதுல்ல சார்."

"கண்ணு?"

"கண்ணு எப்பவும் எரியத்தான் செய்யும்" என்றாள் அவள், இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது எறால் வாடை."

அவர் தாம் யார் என்பதைச் சொன்னார். அந்தக் கையுறையில் என்ன பட்டிருக்கிறது என்பதைச் சொன்னார். அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் நம்பினாள். ஒவ்வொருவராகக் கழற்றிப் போட்டார்கள். தேவசகாயம் இரண்டு பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு எல்லாவற்றையும் கட்டி வெளியே வைத்தார். கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கையுறைப் பெட்டிகள் வாங்கிவந்து கொட்டகையில் கொடுத்தார். அவர்கள் கை கழுவி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, கட்டிவைத்த பையையும் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

உமையாளிடம் நடந்ததைச் சொன்னார். உமையாள் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"இனிமே என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்குச் சொல்றேன் மேடம்."

மறுநாள் அவர் சொல்லவில்லை, செய்தார். இறுக மூடும் வாய் அகன்ற ஜாடி ஒன்றை ஹூட்டுக்குள்ளேயே வைத்தார். கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உருவி அங்கேயே போட்டு மூடினார். ஊசிக்குழலையும் குடுவையையும் அமோனியா கலந்த எத்தனாலில் ஊறவைத்து, வீரியம் அடங்கிய பிறகே வெளியே எடுத்தார். ஜாடி நிறைந்ததும் ரசாயனக் கழிவுக்கென்று உரிமம் பெற்ற வண்டி வந்தால் மட்டும் கையில் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார். மற்ற மாணவர்களையும் பக்கத்தில் நிறுத்திச் செய்யவைத்தார். பள்ளியில் பாடம் எடுத்த அதே குரல், அதே நிமிர்வு. ஆனால் தேநீருக்குப் போகுமுன் வாசலோரத் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

செல்லத்தாய் வேலைக்குத் திரும்பும் நாள் வந்தது. அன்று காலை அவள் வருவதற்கு முன்பே உமையாள் வந்துவிட்டார். வாசலோரத் தொட்டியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு நடைகூடத்துக்கு வந்தார். கையில் உறை இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. பையைக் கீழே வைத்து, அதன் வாயை ஒன்றுகூட்டி, மேலிருந்து அமுக்குவதற்குக் குனிந்தார்.

தேவசகாயம் பதறி எழுந்து வந்தார்.

"மேடம், கண்ணாடி போட்டுக்கோங்க."

உமையாள் குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார்.

"செல்லத்தாய் போட்டுக்கிட்டா வருவாங்க?"

தேவசகாயம் நின்றார். நேற்று அந்தத் தொட்டியில் விழுந்தது என்னென்ன என்று ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். வடிதாள், உடைந்த பேனா, பிஸ்கட் உறை, யாரோ கிழித்துப் போட்ட வரைபடம். ஒவ்வொன்றும் கண்ணில் தெரிந்தது. தெரியாதது ஒன்றும் இல்லை.

"தள்ளுங்க மேடம்" என்றார். "நான் கட்டறேன்."

தம் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி மேலங்கிப் பையில் வைத்தார். மண்டியிட்டு, முகத்தைப் பையின் வாய்க்கு நேரே வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினார். காற்று முகத்தில் அடித்தது. தூசியும் காகிதமும் மணத்தன. கண்ணை இமைக்காமல் முடிச்சுப் போட்டார்.

அதற்குள் செல்லத்தாய் படியேறி வந்துவிட்டாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தேவசகாயம் பையை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு கணம் தயங்கி, அவருடைய கண்களைப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டு போனாள்.

தேவசகாயம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"போதுமா மேடம்?"

"இன்னைக்குப் போதும் சார்" என்றார் உமையாள்.