சிவப்பு நூல் கட்டிய சீவாளி

நாயன வித்வான் வைத்திலிங்கத்துக்குத் திருவிழா அன்று காலையில்தானா உதட்டோரம் கொப்புளம் கிளம்ப வேண்டும்! வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, கூட நாயனம் வாசிக்கும் மாசிலாமணி மேல் பாய்ந்தார்.

“போன வாரம் உனக்கு வந்த புண்ணுடா இது! சாயங்காலம் சாமி புறப்படுறதுக்குள்ள ஆத்து. இல்லேன்னா மேளத்தை விட்டு ஓடு.”

“கத்தாழைச் சோறும் தேனும் தடவினா எரிச்சல் அடங்கும், அண்ணே. ஆற ஒரு வாரமாகும். ஆனா என் புண்ணு உங்களுக்கு எப்படி ஒட்டுச்சு?”

“எனக்கென்ன தெரியும்? உன் டம்ளரைக்கூட நான் தொடமாட்டேன்!” என்று மேளக்காரர்கள் எல்லார் காதிலும் விழக் கத்தினார்.

“நான் புண்ணோட வாயில வச்சு ஊதின நாயனச் சீவாளியை, யார் வாய்க்கும் போகக்கூடாதுன்னு, சிவப்பு நூல் கட்டி ஒதுக்கி வச்சேன். நாதம் நல்லாப் பேசுற சீவாளி. காணோம். எடுத்தவரையும் கூப்பிடுங்க அண்ணே, அவருக்கும் சேர்த்துத் தேன் தடவிடறேன்.”

தவில்காரர் வித்வானின் நாயனத்தைத் திரும்பிப் பார்த்தார். அதில் தொங்கிய சீவாளிக் கொத்தில் சிவப்பு நூல் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மாசிலாமணி வாசித்தார். வித்வான் தாளம் தட்டியபடி பின்னால் நடந்தார். காலையில் உதட்டை மறைத்த துண்டு இப்போது கண்வரை ஏறியிருந்தது.