பதினொரு பேர் பேசும் அறை

“நாலு வாரமாச்சுங்க டீச்சர். என் நோட்டுல இன்னும் ரெண்டு பக்கம் நிறையல.”

மரகதவல்லி அதைப் புகாராகத்தான் சொன்னாள்.

கோவையில் ஒரு காலத்தில் பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம் அது. இப்போது அங்கே கண்காட்சிகள் நடக்கின்றன. சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பும் உண்டு. சமகாலக் கலைக்கு ஓர் அறிமுகம், மொத்தம் பத்து வாரம். நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பின் கடைசியில் ‘முன்னனுபவம் தேவையில்லை’ என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மரகதவல்லி சேர்ந்தாள்.

வகுப்பில் பதினாலு பேர். அவளைத் தவிர எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். அவளுக்கு அறுபத்தொன்று.

பாடம் எடுத்த நசீமாவுக்கு முப்பத்து நாலு. ஆனாலும் முதல் நாளே மரகதவல்லி அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டாள். சொல்லிக்கொடுக்க வந்தவரிடம் வயதைப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

சங்கடம் என்னவென்றால், டீச்சர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு வாரம் மெத்தைக்குப் பதிலாக மண்ணை நிரப்பி, அதில் ராகி முளைக்க விட்ட இரும்புக் கட்டிலைக் காட்டினாள். இன்னொரு வாரம் நாற்பது முறை துவைத்த ஒரு காகிதம். “பாருங்க” என்பாள். அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு, “என்ன தெரியுது?” என்பாள். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். எது சரி என்று அவள் சொல்லவே மாட்டாள். மணி பன்னிரண்டாகிவிடும்.

மரகதவல்லி பேனாவைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

புகாரைக் கேட்ட நசீமா கையை நீட்டி நோட்டை வாங்கிப் பார்த்தாள். முழுக்கச் சுருக்கெழுத்து. கோடும் வளைவும் புள்ளியுமாக இருந்தது.

“எனக்குப் படிக்கத் தெரியலை. இதுல யார் யார் சொன்னது இருக்கு?”

மரகதவல்லி விரல் வைத்துக் காட்டினாள். இது டீச்சர் சொன்னது. இது கண்ணாடி போட்ட பையன் சொன்னது. இது ஜன்னலோரம் உட்காருகிற பெண்.

“நீங்க சொன்னது எங்கே?”

மரகதவல்லி பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி முன்னால் திருப்பினாள்.

நசீமா நோட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

*

பஸ்ஸில் வரும்போது மரகதவல்லிக்கு முகம் சிவந்தே இருந்தது.

முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவள் அவள். கூண்டில் நிற்கிறவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, பிறகு தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். எத்தனையோ கொலை வழக்கு, சொத்து வழக்கு, விவாகரத்து. அவள் எடுத்த சாட்சியத்தில் ஒரு சொல் கூடியது, ஒரு சொல் குறைந்தது என்று எந்த வக்கீலும் எழுந்து நின்றதில்லை. ஓய்வு பெற்ற அன்று நீதிபதி அதை எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் கழுத்தில் விழுந்த மாலையைவிட அந்த வாக்கியம் கனமாக இருந்தது.

ஆனால் அத்தனை வருஷத்தில் அங்கே ஒருவராவது அவளிடம், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருப்பார்களா? கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அதுதான் முறை.

கணவர் பொன்னுரங்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதானே, யார் கட்டாயப்படுத்தினார்கள் என்றார்.

அதை வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். அவர் சொன்னதால் அடுத்த சனிக்கிழமை பத்து நிமிஷம் முன்னதாகவே போய் உட்கார்ந்தாள்.

அன்று அவளிடம் கேட்டபோது, எனக்கென்னங்க தெரியும் என்றாள். நசீமா மறுபேச்சில்லாமல் அடுத்த ஆளிடம் போனாள். மரகதவல்லிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆறாவது வாரம் சுவரில் ஒரு படம் ஓடியது. ஒரு மனிதன் காய்கறி மார்க்கெட்டுக்குள் பின்பக்கமாகவே நடக்கிறான். ஒரு மணி நேரமும் அவ்வளவுதான் படம். பிள்ளைகளில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

“என்ன தெரியுது?”

மரகதவல்லி தானாகவே பேசினாள். ஆரம்பத்தில் அந்த ஆள் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். போகப் போகப் பார்ப்பதே இல்லை. மூட்டை தூக்குகிறவர் ஒதுங்குகிறார், தக்காளி விற்கிற அம்மா கூடையை இழுத்துக்கொள்கிறார். அவன் இடித்துக்கொள்ளாமல் மார்க்கெட்டே அவனைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் நடந்தவனைவிட வழி விட்டவர்களைத்தான் தனக்குப் பிடித்தது என்றாள்.

 நசீமா அடுத்த ஆளிடம் போகவில்லை. படத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். இந்த முறை பதினாலு பேரும் கூட்டத்தையே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து பருப்பைக் கடையும்போது மரகதவல்லி தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பொன்னுரங்கம் என்னவென்று கேட்டார். மார்க்கெட்டைப் பற்றி என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. பிடித்ததைப் பிடித்தது என்றாள். பிடிக்காததற்கு ஏன் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள். வகுப்பிலேயே ஒரு பையன் செய்து கொண்டுவந்த சிலையைப் பார்த்து, இது பயமுறுத்தணும்னே செஞ்சது தம்பி, அதனாலதான் பயமாவே இல்லை என்றாள். அவன் அடுத்த வாரம் முழுக்க அவளிடம் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் புதிதாகச் செய்ததை முதலில் அவளிடம்தான் காட்டினான்.

*

பத்தாவது சனிக்கிழமை கடைசி வகுப்பு. அன்று மாலை நாலு மணிக்கு, பக்கத்துக் கூடத்தில், நசீமா செய்த படைப்பின் திறப்பு விழா. இரண்டு வருஷ வேலை அது. மாணவர்கள் காலையிலேயே பார்க்கலாம் என்று அழைத்துப் போனாள்.

கூடத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். கூரையிலிருந்து பதினொரு ஸ்பீக்கர்கள் தொங்கின. ஒவ்வொன்றும் ஓர் ஆளின் முக உயரத்தில் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நூற்பாலையில் தீப்பிடித்தது. அதில் தப்பிய பதினொரு பெண்களைத் தேடிப் பிடித்து, அந்த நாளைப் பற்றி அவர்கள் சொன்னதை நசீமா பதிவு செய்திருந்தாள். ஒரு ஸ்பீக்கரின் முன்னால் நின்றால் ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்கும். நடுவில் நின்றால் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

உள்ளே போன பிள்ளைகள் நடுவில் நின்று நடுங்கிப் போனார்கள். ஒரு பெண் அழுதாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஆதிகேசவன், பெரிய காட்சியகம் ஒன்றை நடத்துகிறவர், இதை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோகிறேன் என்றார். இத்தனை வேகத்தை எங்கேயும் கேட்டதில்லை என்றார்.

மரகதவல்லி பதினொரு ஸ்பீக்கர் முன்னாலும் நின்றாள். ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டாள். எல்லாரும் வெளியே வந்து வெகுநேரம் கழித்துத்தான் அவள் வந்தாள்.

நசீமா வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாரும் புகழ்ந்தார்கள். பொய்யில்லை, மனசாரத்தான் புகழ்ந்தார்கள்.

“நீங்க?”

“நல்லா இருக்குதுங்க டீச்சர்.”

நசீமா நகரவில்லை. அரை மணி நேரம் பாருங்கள் என்று எந்தப் பொருளைக் காட்டுவாளோ, அந்தப் பொருளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

 இரண்டு வருஷ உழைப்பு. இன்னும் ஐந்து மணி நேரத்தில் ஊரே வரப்போகிறது. இந்தப் பெண்ணைத் தன் வாயாலா நோகடிப்பது? ஒரு நிமிஷம் மரகதவல்லிக்குக் கோர்ட்டின் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை.

“ஒருத்திகூட நிறுத்தலீங்களே,” என்றாள்.

“புரியலை.”

“கோர்ட்டுல பொம்பளைங்க சாட்சி சொல்ல வருவாங்க. மடமடன்னுதான் ஆரம்பிப்பாங்க. அந்த இடம் வந்ததும் பேச்சு நின்னுரும். வக்கீல் அவசரப்படுத்துவார். ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் பென்சிலைத் தூக்கிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். அதை எழுதறதுக்குச் சுருக்கெழுத்துல குறி கிடையாதுங்க. நானும் எழுதினதில்லை. ஆனா அந்த நேரத்துலதான் கோர்ட்டே அவளை நம்பும்.”

மரகதவல்லி கூடத்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

“இவங்க சொல்றது அத்தனையும் நிஜம்தான். ஆனா மூச்சு விடாம சொல்றாங்க. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி இருக்குது.”

ஆதிகேசவன் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். சத்தமில்லாத இடத்தில் பார்வையாளர் நிற்க மாட்டார், போய்விடுவார் என்று விளக்கினார். “இது கோர்ட் இல்லைம்மா” என்றார்.

“ஆமாங்க. கோர்ட்டா இருந்தா நான் பேசியிருக்க முடியாது. இங்க கேட்டாங்க, சொன்னேன்.”

குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆதிகேசவன் நசீமாவிடம் திரும்பி, இந்த அம்மா யார் என்று கேட்டார்.

“என் மாணவி,” என்றாள் நசீமா.

அவள் அதைச் சொன்ன விதத்தில், கல்லூரிப் பிள்ளைகள் பதின்மூன்று பேரும் நிமிர்ந்து நின்றார்கள்.

பிறகு நசீமா கூடத்துக்குள் போனாள். வாசலில் நின்றவர்களுக்கு உள்ளே ஒரு சுவிட்சை அமுக்குகிற சத்தம் கேட்டது. பதினொரு குரலும் ஒன்றாக நின்றன. அவள் திரும்பி வந்து, தொலைபேசியில் இரண்டு பேரிடம் பேசினாள். விழா இன்றில்லை, இரண்டு வாரம் கழித்து என்றாள். ஆதிகேசவன் தடுத்தார், அச்சடித்த அழைப்பிதழைக் காட்டினார், கோபித்துக்கொண்டு காரில் ஏறினார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மரகதவல்லியும் செருப்பைத் தேடினாள். நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் அரித்தது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

“நீங்க இருங்க,” என்றாள் நசீமா.

இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மடிக்கணினியைத் திறந்தாள்.

“எல்லார்கிட்டயும் அந்த நிறுத்தம் இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன். ஒரு மணி நேரம் பேசினவங்களை ஆறு நிமிஷமாக்கினேன். சுத்தமா இருக்குன்னு நினைச்சேன்.” திரையில் ஒரு பதிவைத் தேடி எடுத்தாள். “வெட்டாததும் இருக்கு. எவ்வளவு நேரம் விட்டு வைக்கணும்னு எனக்குத் தெரியலை. சொல்லிக்கொடுங்க.”

மரகதவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நீதிபதிகள் மாறி மாறி உட்கார்ந்த நாற்காலிக்குக் கீழே வேலை பார்த்தவள். அவர்களில் ஒருவர் பக்கத்திலும் இப்படிச் சரிசமமாக உட்கார்ந்ததில்லை.

முதல் குரல் பாக்கியம் என்கிற பெண்ணுடையது. அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட் என்றாள். பக்கத்து மிஷினில் தன் அக்கா நின்றிருந்தாள் என்றாள். புகை வந்ததும் கதவுப் பக்கம் ஓடியதைச் சொன்னாள்.

“நான் கதவைத் தள்ளுனேன். திரும்பிப் பார்த்தேன். எங்கக்கா...”

குரல் நின்றது.

பதிவில் ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்டது. தூரத்தில் யாரோ குடத்தைக் கீழே வைத்தார்கள். பாக்கியம் மூச்சை உள்ளே இழுத்தாள், பேசவில்லை.

நசீமாவின் விரல் வெட்டுகிற பொத்தானை நோக்கிப் போனது.

மரகதவல்லி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. நசீமா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னுமா?”

“இன்னும்,” என்றாள் மரகதவல்லி.